ஸ்கூபா டைவிங் சான்று அட்டை: தொலைந்தால், பதிவில் பிழை இருந்தால், காட்டச் சொன்னால்

அந்தமான் ஹேவ்லாக்கில் (இப்போது சுவராஜ் தீவு) டைவ் மாஸ்டராக (டைவர்களைக் கடலுக்குள் வழிநடத்துபவராக) வேலை பார்த்த நாட்களில், காலைப் படகு கிளம்பும் முன் பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவராவது இருப்பார். முறையாகப் பயிற்சி முடித்தவர், கடலுக்கு அடியில் நிதானமாக இருக்கத் தெரிந்தவர், ஆனால் கையில் அட்டை இருக்காது. பெரும்பாலானவர்களை எப்படியோ அன்றே படகில் ஏற்றிவிட முடிந்தது. சிலரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அட்டை தொலைந்ததால் அல்ல. பயிற்சி அமைப்பின் பதிவில் அவர்கள் பெயரோ பிறந்த தேதியோ தப்பாக இருந்ததால். அவர்கள் முகத்தை நான் மறக்கவில்லை. லீவு போட்டு, பணம் சேர்த்து, விமானம் ஏறி வந்தவர்கள். அப்போது என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், பிறகு நண்பர்கள் கேட்டவையும் இங்கே.

இந்த அட்டை ஒரு லைசென்ஸா? அரசாங்கம் கொடுப்பதா?

இல்லை. டைவர்கள் 'சி-கார்டு' என்று சொல்லும் இந்த அட்டையைக் கொடுப்பவை பயிற்சி அமைப்புகள். 1953-ல் பிரிட்டனில் தொடங்கிய பி.எஸ்.ஏ.சி., 1959-ல் மொனாக்கோவில் உருவாகி ஜாக் கூஸ்தோவை முதல் தலைவராகக் கொண்ட சி.எம்.ஏ.எஸ்., 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஏ.டி.ஐ. (டைவர்கள் வாயில் இது 'பாடி'), 1970-ல் வந்த எஸ்.எஸ்.ஐ. ஆகியவை பெரியவை. இன்னார், இன்ன நாளில், இன்ன இன்ஸ்ட்ரக்டரிடம், இன்ன நிலைப் பயிற்சியை முடித்தார் என்பதுதான் அட்டை சொல்லும் செய்தி.

பல இடங்களில் இதைக் கேட்பது சட்டமல்ல, டைவ் சென்டர்களின் வழக்கம். ஆனால் அந்த வழக்கத்துக்கு வலுவான காரணம் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல 2 மடங்கு. அங்கே டேங்கிலிருந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடலாம். நீச்சல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் இது யாருக்கும் இயல்பாகத் தெரிந்துவிடாது, யாராவது சொல்லித் தர வேண்டும். இவருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களா என்று முன்பின் தெரியாத ஊரில் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளத்தான் அட்டை.

அட்டை காலாவதி ஆகுமா?

பொழுதுபோக்கு டைவருக்கான அட்டை காலாவதி ஆகாது. 1995-ல் வாங்கிய ஓப்பன் வாட்டர் (அடிப்படைப் பயிற்சி) அட்டை இன்றும் செல்லும். டைவ் மாஸ்டர், இன்ஸ்ட்ரக்டர் போலத் தொழில்முறையில் இருப்பவர்கள் மட்டும் ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் கை மறந்துவிடும். கடைசியாக டைவ் செய்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகிவிட்டால், ஆழம் குறைந்த இடத்தில் ஒரு ரெஃப்ரெஷர் (நினைவூட்டும் பயிற்சி) முடித்துவிட்டு வாருங்கள் என்று சென்டர் சொல்லலாம். தயவுசெய்து அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, மூச்சு விட உதவும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் எடுத்துப் பொருத்துவது இரண்டையும் 3 மீட்டரில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் போனால் 18 மீட்டரில் பதற்றம் வராது.

பயிற்சி முடிந்ததும் கொடுத்தது தற்காலிக அட்டைதான். பரவாயில்லையா?

பி.ஏ.டி.ஐ. தற்காலிக அட்டை 90 நாள் செல்லும். அதற்குள் நிரந்தர அட்டை உங்கள் கணக்கில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் இன்ஸ்ட்ரக்டர் உங்கள் விவரத்தை அனுப்பவில்லை என்றே அர்த்தமாக இருக்கலாம். உடனே கேளுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அவர் எந்தத் தீவில் இருப்பாரோ தெரியாது.

பிளாஸ்டிக் அட்டை அவசியமா? போனில் இருப்பது போதாதா?

போதும். பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. இரண்டுமே தங்கள் செயலியில் மின் அட்டை தருகின்றன. பெரும்பாலான சென்டர்கள் அதை அப்படியே ஏற்கின்றன. ஒரே சிக்கல் சிக்னல். அந்தமானிலும் கர்நாடகத்தின் நேத்ராணித் தீவுப் பக்கமும் நெட்டை நம்பி எதையும் திறக்க முடியாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள், கூட வரும் நண்பரின் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். போன் தண்ணீரில் விழுந்தாலும் அட்டை போகாது.

அட்டை தொலைந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில், புது அட்டைக்குப் பணம் கட்டாதீர்கள். அமைப்பின் தளத்தில் அல்லது செயலியில், பயிற்சியின்போது கொடுத்த மின்னஞ்சலை வைத்து உள்ளே போய்ப் பாருங்கள். பதிவு இருந்தால் மின் அட்டை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். பிளாஸ்டிக் அட்டை கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் மாற்று அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு, தபாலில் வர நாளாகும். எல்லாச் சிறப்புப் பயிற்சி அட்டைகளையும் மறுபடி வாங்க வேண்டியதில்லை. உங்கள் மிக உயர்ந்த நிலை அட்டையும், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று) அட்டை இருந்தால் அதுவும் போதும்.

என் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவே இல்லை என்கிறது. பயிற்சி முடித்தது உண்மை. எப்படி?

நம் ஆட்களுக்கு அடிக்கடி வரும் பிரச்சினை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த அமைப்புகளின் படிவங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் போட்டு வைத்திருக்கின்றன. நமக்கோ இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். ராமசாமியின் மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இன்ஸ்ட்ரக்டர் 'முருகேசன் ஆர்' என்று போடுவார். பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்புகிறவர் 'முருகேசன் ராமசாமி' என்று போடுவார். இன்னொருவர் கட்டங்களை மாற்றி 'ராமசாமி முருகேசன்' என்று எழுதிவிடுவார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருந்தால், படிவம் காலியாக விட அனுமதிக்காது என்பதற்காக 'முருகேசன் முருகேசன்' என்று இரண்டு முறை எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ஆக, நான்கு பெயர்களில் எதில் நீங்கள் பதிவாகியிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. தேடும்போது நான்கையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் கே-எஸ்-எச் போட்டு எழுதுவோரும் உண்டு, எக்ஸ் போட்டு எழுதுவோரும் உண்டு. ழகரம் வரும் பெயர் என்றால் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது பிறந்த தேதி. அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில், தேதி பிறகு. மார்ச் 5-ல் பிறந்தவர் நம் வழக்கப்படி 05/03 என்று எழுதினால், அங்கே அது மே 3 ஆகிவிடும். 12-ம் தேதிக்குள் பிறந்த எல்லோருக்கும் இது நேரலாம். 12-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தேதி தானாகவே காட்டிக்கொடுத்துவிடும், பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. பதிவு கிடைக்கவில்லை என்றால் தேதியையும் மாதத்தையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு வித்தையால் படகு ஏறியவர்கள் பலர்.

கடைசியாக மின்னஞ்சல். அவசரத்தில் சில சென்டர்கள் மாணவரின் முகவரிக்குப் பதிலாகத் தங்கள் முகவரியைக் கொடுத்துவிடுகின்றன. அப்படியானால் உங்கள் மின் அட்டை யாருடைய இன்பாக்ஸிலோ கிடக்கும்.

எந்தப் பிழையாக இருந்தாலும் திருத்தலாம். பயிற்சி தந்த சென்டரோடு நின்றுவிடாமல் நேராக அமைப்புக்கே எழுதுங்கள். பாஸ்போர்ட் பிரதியை இணைத்து, பதிவில் எப்படி இருக்கக்கூடும், எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டையும் சொல்லுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்துவிட்டால் நிம்மதி.

திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறிவிட்டது. பழைய பெயரில் உள்ள அட்டை செல்லுமா?

பயிற்சி உங்களுடையதுதான், அதனால் செல்லும். ஆனால் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் தயங்கக்கூடும். பெயரை மாற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

பயிற்சி தந்த டைவ் சென்டரையே மூடிவிட்டார்கள். என் அட்டை என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. பதிவு கடையில் இல்லை, அமைப்பிடம் இருக்கிறது. அமைப்பே மறைந்துபோனால்கூட வழி இருக்கலாம். அமெரிக்காவின் பழைய என்.ஏ.எஸ்.டி.எஸ். 1999-ல் எஸ்.எஸ்.ஐ.யோடு இணைந்தது, அந்த அட்டை வைத்திருப்பவர்கள் எஸ்.எஸ்.ஐ.யைக் கேட்க வேண்டும்.

நிஜமான சிக்கல், இன்ஸ்ட்ரக்டர் உங்கள் விவரத்தை அமைப்புக்கு அனுப்பாமலே விட்டிருந்தால்தான். அப்போது எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்காது. இன்ஸ்ட்ரக்டரை எப்படியாவது பிடியுங்கள். இன்ஸ்ட்ரக்டர்களின் பெயரும் எண்ணும் லாக் புக்கில் (உங்கள் டைவ் குறிப்பேட்டில்) அவர்கள் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். ஆளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், லாக் புக் பக்கங்கள், கட்டண ரசீது, பயிற்சியின்போது எடுத்த படங்கள் என்று இருப்பதையெல்லாம் சேர்த்து அமைப்புக்கு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் வழி ஒருவேளை வேறொரு இன்ஸ்ட்ரக்டரிடம் திறமைகளைச் செய்து காட்டுவதாக இருக்கலாம். மனம் வலிக்கும்தான். ஆனால் தெரிந்த வேலையைச் செய்து காட்ட ரொம்ப நாள் ஆகாது.

எந்த அமைப்பு என்றே ஞாபகம் இல்லை.

பாடப் புத்தகத்தின் அட்டையைப் பாருங்கள், லாக் புக்கைப் பாருங்கள், பயிற்சிக் காலப் படங்களில் பின்னால் தெரியும் பெயர்ப்பலகையையும் டீ-ஷர்ட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே சென்டர் இரண்டு அமைப்புகளின் பயிற்சியும் தருவதுண்டு, அதனால் பலகையில் ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாமல் இரண்டிலும் தேடுங்கள்.

வெளியூரில் இருக்கிறேன், நாளைக் காலை டைவ். அட்டை வீட்டில். என்ன செய்வது?

இன்று மாலையே டைவ் சென்டருக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். உங்கள் அமைப்போடு இணைந்த சென்டராக இருந்தால், அவர்களே இணையத்தில் உங்கள் பதிவைச் சரிபார்க்க முடியும். பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் சில நிமிட வேலை. வேறு அமைப்பைச் சேர்ந்த சென்டர் என்றால், உங்கள் அமைப்பின் கடை பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தீவுகளில் இப்படி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது சகஜம்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பி.ஏ.டி.ஐ.யின் தலைமையகம் கலிஃபோர்னியாவில். நமக்குக் காலை 7 மணி என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 5.30 அல்லது 6.30. நம் திங்கட்கிழமை காலையில் அவர்களுக்கு இன்னும் ஞாயிறு. போனை எடுக்க ஆள் இருப்பார் என்று நம்ப முடியாது.

200 டைவ் எழுதிய லாக் புக் இருக்கிறது. அது போதாதா?

லாக் புக் உங்கள் அனுபவத்தைக் காட்டும், பயிற்சியைக் காட்டாது. அதில் யாரும் எதையும் எழுதலாம். ஆனால் சென்டர்களின் முத்திரையும் டைவ் மாஸ்டர்களின் கையெழுத்தும் உள்ள லாக் புக்குக்கு நல்ல மதிப்பு உண்டு. அட்டையைச் சரிபார்க்க முடியாத நேரத்தில் சிலர் அதைப் பார்த்து, முதலில் ஆழமில்லாத இடத்தில் ஒரு சோதனை டைவ் வைத்து ஏற்றுக்கொள்வார்கள். அட்டை இருந்தாலும் லாக் புக்கைக் கேட்கும் இடங்கள் உண்டு. ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் டைவ் செய்ய, டிரை சூட் (உள்ளே தண்ணீர் புகாத உடை) பயிற்சிச் சான்று வேண்டும்; இல்லையென்றால் டிரை சூட் அணிந்து 10 டைவ் செய்ததற்கு எழுத்துச் சான்று வேண்டும். லாக் புக் எழுதாதவர் அங்கே என்ன காட்டுவார்?

ஓர் அமைப்பின் அட்டையை இன்னோர் அமைப்பின் சென்டர் ஏற்குமா?

பொதுவாக ஏற்கும். இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் ஒரு துணையோடு டைவ் செய்யக்கூடிய நிலைக்கு ஐ.எஸ்.ஓ. 24801-2 என்று உலகத் தரநிலையே இருக்கிறது. பெரிய அமைப்புகளின் அடிப்படைப் பயிற்சி அதை ஒட்டியதே. ஆழம் மட்டும் சற்று வேறுபடும். பி.ஏ.டி.ஐ. ஓப்பன் வாட்டர் 18 மீட்டர், பி.எஸ்.ஏ.சி. ஓஷன் டைவரும் சி.எம்.ஏ.எஸ். ஒரு நட்சத்திரமும் 20 மீட்டர், பி.ஏ.டி.ஐ. அட்வான்ஸ்டு 30 மீட்டர், டீப் சிறப்புப் பயிற்சி 40 மீட்டர். ஊர்ச் சட்டம் இதற்கு மேல் நிற்கும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் எல்லை, கையில் 40 மீட்டர் அட்டை இருந்தாலும்.

மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலைப் பார்க்க ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி அது. கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. அட்வான்ஸ்டு அட்டை அதற்குக் காணாது, பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டி இறங்குவதற்கான டெக்னிக்கல் பயிற்சி வேண்டும். யாராவது 'பரவாயில்லை, வாங்க' என்று சொன்னால் நம்பிப் போகாதீர்கள்.

ஹனிமூனில் ஒரு டைவ் செய்தோம், சான்றிதழும் கொடுத்தார்கள். அதைக் காட்டலாமா?

அது அறிமுக டைவ். இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்துக் கூட்டிப்போன நினைவுக்கான தாள். அதை வைத்துத் தனியாக டைவ் செய்ய முடியாது.

ஆன்லைன் பாடம், நீச்சல்குளப் பயிற்சி இரண்டும் முடித்துவிட்டேன். கடல் டைவ் மட்டும் பாக்கி. அட்டை உண்டா?

இன்னும் இல்லை. ஆனால் அதற்கான ரெஃபரல் தாளை இன்ஸ்ட்ரக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டால், மிச்சத்தை வேறு ஊரில் முடிக்கலாம். பி.ஏ.டி.ஐ.யில் கடைசிப் பயிற்சி நாளிலிருந்து 12 மாதம் வரை அது செல்லும். சென்னையிலோ பெங்களூரிலோ குளத்துப் பகுதியை முடித்துவிட்டு அந்தமானில் கடல் பகுதியை முடிப்பவர்கள் நிறையப் பேர்.

என் மகளிடம் 'ஜூனியர்' அட்டை இருக்கிறது. எப்போது மாற்ற வேண்டும்?

பி.ஏ.டி.ஐ. கணக்கில், 10, 11 வயதில் 12 மீட்டர் வரை, சான்று பெற்ற பெற்றோரோ தொழில்முறை டைவரோ கூட இருக்க வேண்டும். 12 முதல் 14 வரை சான்று பெற்ற பெரியவர் துணை வேண்டும். 15 ஆனதும் கட்டுப்பாடு தானாக விலகும், மறு பயிற்சி தேவையில்லை. 'ஜூனியர்' என்ற சொல் இல்லாத அட்டை வேண்டும் என்றால் கேட்டு வாங்கலாம்.

என் அப்பா முப்பது வருடம் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். அவருக்குமா அட்டை?

ஆமாம், அவருக்கும் வேண்டும். மன்னார் வளைகுடாவில் அப்படிக் குளித்தவர்களுக்குக் கடல் பற்றித் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிடப் பல மடங்கு. நீரோட்டத்தையும் கலங்கலையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மூச்சடக்கி முங்குகிறவருக்கு இயல்பாகிவிட்ட பழக்கமே டேங்க் போட்டு இறங்கும்போது ஆபத்து. மேலே சொன்ன நுரையீரல் விஷயம் நினைவிருக்கிறதல்லவா? அவர் உடம்பு மூச்சை அடக்கப் பழகியது, ஸ்கூபாவிலோ மூச்சை அடக்கவே கூடாது. இந்த ஒன்றை மாற்றிக்கொள்ளவாவது பயிற்சி தேவை. படிக்கத் தயங்குபவராக இருந்தால், கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கும் இன்ஸ்ட்ரக்டரைத் தேடுங்கள். தமிழ் பேசும் இன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கிறார்கள். வயதானவர் என்பதால் மருத்துவக் கேள்வித்தாளை மறைக்காமல் நிரப்பி, டாக்டர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நைட்ராக்ஸுக்குத் தனி அட்டையா?

ஆமாம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, நைட்ராக்ஸில் அதைவிட அதிகம். ஆக்சிஜன் கூடினால் போகக்கூடிய ஆழம் குறையும். அதைக் கணக்கிடத் தெரியாதவருக்கு அந்த டேங்க்கைக் கொடுக்க மாட்டார்கள். கிளம்பும் முன் இந்த அட்டை உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஓப்பன் வாட்டர் பதிவு சரியாக இருந்து, இது மட்டும் விட்டுப்போன ஆட்கள் உண்டு.

நண்பரின் அட்டையைக் காட்டிப் போகலாமா? அவரும் நானும் ஒரே சாயல்.

வேண்டாம். உங்களோடு இறங்கும் துணை, ஆபத்தில் நீங்கள் காற்றுப் பகிர்ந்து கொடுப்பீர்கள் என்று நம்பி இறங்குகிறார். அட்டைக்கு மீறிய டைவில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரிக்கவும் கூடும். ஓப்பன் வாட்டர் பயிற்சி மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். அந்த நாட்களைச் செலவழியுங்கள்.

அட்டை வந்த சந்தோஷத்தில் படம் எடுத்துப் போடலாமா?

தாராளமாக. எண்ணையும் பிறந்த தேதியையும் மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள்.

அட்டையில் இருப்பது இருபது வருடத்துக்கு முந்தைய படம். ஏற்பார்களா?

ஏற்பார்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பெயரும் பிறந்த தேதியும் பொருந்தினால் போதும், முகம் மாறியிருப்பதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.